கண்ணுக்குத் தெரியாத அடுப்பு

12.2.2002, செவ்வாய்

காலையில் பனி. மலையில் பாதியைக் காணோம். ஒன்பது மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். வெயிலே, நீ நூறாண்டு வாழ்க. இந்த மாதம் முழுக்க எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை.

முதல் வேலை, பாலிடெக்னிக் மொட்டை மாடியில் சோலார் தகடு இரண்டையும் துடைப்பது. மேலே போனால் தகட்டின் மேல் கூழ் வடாம் காய்கிறது. அட்டெண்டர் ஏழுமலை வீட்டுச் சரக்கு.

"இன்னா ஏழுமலை இது?"

"சூடு நல்லா புடிக்குது சார். சும்மாதானே கெடக்குதுன்னு..."

அரசாங்கம் கொடுத்து நாலு வருடம். அந்தத் தகடுகளை உருப்படியாகப் பயன்படுத்திய முதல் ஆள் ஏழுமலைதான். பாதி காய்ந்த வடாம் ஐந்தைத் தின்றுவிட்டுக் கண்டித்தேன்.

பதினொரு மணிக்குத் தாளாளர் கூப்பிட்டார். கீழ்பென்னாத்தூரில் கடலை மில் வைத்திருந்தவர். இப்போது எங்களை ஆட்டுகிறார்.

"வாத்தியாரே, ஒங்க பின்பக்கத்து ஷெட்டு கம்ப்யூட்டர் லேபுக்கு வேணும். ஞானசேகரு கேட்டுட்டாரு. ஏசி போடணும்."

"பதிமூணு வருஷமா ஆராய்ச்சி நடக்குதுங்க அதுல."

"எனக்குத் தெரிஞ்சு ஒரு டிரம்மு கெடக்குது. சரி, இருபத்தெட்டாந்தேதி கலெக்டர் ஆபீஸ் கிரவுண்டுல அறிவியல் தின எக்ஸிபிஷன். ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கிட்டு சென்னைக்குப் போனீங்கன்னா ஷெட்டு ஒங்களுது. இல்லன்னா ஒண்ணாந்தேதி பழைய இரும்புக்காரன் வருவான்."

"என்னையும் எடைக்குப் போடுவீங்களா?"

"நீங்க கம்மியாத்தான் போவீங்க."

இனிமேல் இந்த நோட்டில் அவர் தா. மட்டுமே. முழுசாக எழுதும் அளவுக்கு இன்று மரியாதை இல்லை.

13.2, புதன்

வெயில் உண்டு.

நான் செய்வது இவ்வளவுதான்: வெயிலிலிருந்து மின்சாரம். மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்தால் ஹைட்ரஜன். அதைப் பிடித்துவைத்து அடுப்பெரிப்பது. எரிந்து முடிந்தால் மறுபடி தண்ணீர். புகை கிடையாது, கரி கிடையாது. மாவட்டம் பிரிந்த வருடம் ஆரம்பித்தது. மாவட்டம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. நான் ஷெட்டில்.

இந்த வருட முன்னேற்றம் (என்னை நானே மெச்சிக்கொள்ள, வேறு ஆள் வரக் காணோம்):

காஸ்டிக் சோடா கரைசல் போய்ப் பொட்டாஷ் கரைசல். மின்சாரம் கம்மியாகக் கேட்கிறது.
துருப்பிடித்த தகடு போய் நிக்கல் வலை.
வாயுவைக் கழுவ ஒரு பாட்டில் இருந்தது, இப்போது மூன்று.
அடுப்பில் வாயு வெளிவரும் மூக்கு கண்ணாடியாக இருந்து மாதம் ஒரு முறை உடையும். இப்போது எவர்சில்வர்.

இல்லாத முன்னேற்றம்: டிரம். தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த டிரம்மில்தான் வாயுவைச் சேர்க்கிறேன், சாண எரிவாயு மாதிரி. அதைக் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் வரைக்கும் தூக்கிப்போக மாட்டுவண்டி வேண்டும். மாடு வேண்டும். மாட்டுக்கு விஞ்ஞான ஆர்வம் வேண்டும்.

தேன்மொழிக்கு போன் செய்தேன். என்னிடம் டிப்ளமோ படித்த பெண். பிறகு மேலே மேலே படித்து சென்னையில் இதே ஹைட்ரஜனில் ஆராய்ச்சி. "சனிக்கிழமை வரேன் சார். டிரம்மை மறந்துடுங்க" என்றாள்.

16.2, சனி

தேன்மொழி வந்தாள். பையிலிருந்து ஒரு சின்ன சிலிண்டர் எடுத்தாள். பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் உயரம், ஆனால் அம்மிக்கல் கனம்.

"இதுக்குள்ள உலோகத் தூள் சார். காஸ் உள்ள போனா தூளோட ஒட்டிக்கும். அழுத்தம் ஜாஸ்தி வேணாம். சுடுதண்ணியில வெச்சா திருப்பி விட்டுடும். உங்க டிரம்ல புடிக்கிறதெல்லாம் இதுல அடங்கும்."

நான் டிரம்மைப் பார்த்தேன். டிரம் என்னைப் பார்த்தது.

"வெளிநாட்டுல ஹைட்ரஜன்ல பஸ்ஸே ஓட்டிப் பாக்கறாங்க சார்."

ஏழுமலை: "ஓட்டட்டும்மா. நம்ம ஊர் பஸ்ஸு தள்ளுனாதான் ஓடுது."

மாத முடிவு வரைக்கும் இரவல். மதியம் வீட்டில் சாப்பிட்டாள். என் மனைவி மல்லிகா அவளுக்கு இரண்டு கரண்டி நெய் விட்டாள். எனக்கு டாக்டர் சொன்னபடி வாசனை மட்டும்.

19.2, செவ்வாய்

முழு வெயில். சிலிண்டர் நிரப்பும் வேலை.

தூள் வாயுவைக் குடிக்கும்போது சூடாகிறது. சூடானால் குடிப்பதை நிறுத்திவிடும். அதனால் ஈரச் சாக்கு சுற்றி, கால் மணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும். திருப்பித் தரும்போது நேர்மாறு, ஜில்லென்று ஆகிறது. வாங்கும்போது கொதிப்பு, கொடுக்கும்போது குளிர்ச்சி. என் மச்சான் குடும்பத்தில் இப்படி ஓர் ஆளைக்கூடப் பார்த்ததில்லை.

ஏழுமலை சாக்கின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே: "கொழந்தைக்கு ஜுரம் வந்தா மாதிரி கீது சார்." நேற்றும் இன்றும் அவன் வீட்டுக்குக்கூட ஒழுங்காகப் போகவில்லை. வடாம் இடம் பறிபோன கோபம் இல்லை. நல்ல மனுஷன்.

கம்ப்யூட்டர் ஞானசேகர் எட்டிப் பார்த்தார். டை கட்டிய ஒரே ஆள் எங்கள் பாலிடெக்னிக்கில். "சூப்பரா இருக்கு சார்" என்றார். சொல்லும்போது கண் சுவரை அளந்துகொண்டிருந்தது. ஏசி எங்கே வைப்பது என்று.

21.2, வியாழன்

எழுதவே வெட்கம். யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

மதியம் பன்னிரண்டு. ஷெட்டுக்கு வெளியே முற்றத்தில் புது அடுப்பு. சோதனைக் குழாயில் கொஞ்சம் வாயு பிடித்துப் பற்றவைத்தேன். 'வள்' என்று குரைத்தால் காற்று கலந்திருக்கிறது என்று அர்த்தம். குரைக்கவில்லை, பதவிசாக எரிந்தது. சுத்தம். சரி என்று அடுப்பைத் திறந்து தீக்குச்சி காட்டினேன். ஒன்றும் இல்லை. இரண்டாவது குச்சி. ஒன்றும் இல்லை. மூக்கு அடைத்திருக்கிறதா என்று குனிந்தேன்.

"சார், எரியுது சார்!"

"எங்கடா?"

"ஒங்க மீசையில."

இடது பாதி போய்விட்டது. இருபத்தாறு வருட மீசை.

யோசித்தால் புரிகிறது. முன்பு கண்ணாடி மூக்கு, காஸ்டிக் சோடா. ஜுவாலை மஞ்சளாகத் தெரியும். அந்த மஞ்சள் ஹைட்ரஜனுடையது இல்லை, அழுக்கினுடையது. நான் அழுக்கை எல்லாம் எடுத்துவிட்டேன். நடு வெயிலில் ஜுவாலையே காணாமல் போய்விட்டது. எவ்வளவுக்கு எவ்வளவு முன்னேறினேனோ அவ்வளவுக்கு அவ்வளவு ஒன்றும் தெரியவில்லை.

மிச்ச மீசையையும் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மல்லிகா கதவைத் திறந்து, "யாருங்க வேணும்? எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம்தான், உக்காருங்க" என்றாள். பிறகு அரை மணி நேரம் சிரித்தாள். பிறகு சட்டென்று முகம் மாறியது.

"முந்தாநேத்து அந்த ஞானசேகரு சூப்பரா இருக்குன்னு சொன்னாருன்னீங்க இல்ல? கண்ணுங்க. இன்னிக்கே சுத்திப் போடறேன்."

"நான் ஒரு விஞ்ஞான ஆசிரியன் மல்லிகா."

"மீசை இல்லாத விஞ்ஞான ஆசிரியர்."

கல் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துவிட்டாள். நான் விடவில்லை. கறாராக மறுத்தேன். பொட்டலம் கட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கலெக்டர் ஆபீஸில் கிளார்க். எந்தத் தாளையும் தூக்கி எறியாத உத்தியோகம்.

22.2, வெள்ளி

தேன்மொழியிடம் போனில் மீசைச் செய்தி. ஐந்து நிமிடம் சிரிப்பு. பிறகு சொன்னாள்: "பெரிய ஃபேக்டரியில கூட இதே பிரச்சினை சார். முன்னாடி எல்லாம் துடைப்பத்தை நீட்டிக்கிட்டே நடப்பாங்களாம். துடைப்பம் பத்திக்கிச்சுன்னா அங்க நெருப்பு இருக்குன்னு அர்த்தம்."

எளிமை! அழகு! ஏழுமலை ஒரு தென்னந்துடைப்பம் கொண்டுவந்தான். நீட்டினேன். நுனி பளிச்சென்று பற்றியது. இரண்டு பேரும் கைதட்டிக்கொண்டோம்.

அடுப்பைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டும் போட்டாகிவிட்டது. இந்த ஊரில் நெருப்பு என்று சொன்னால் போதும், கையை மேலே காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

23.2, சனி

ஒத்திகை. தா. வந்தார். நான் துடைப்பத்தை எடுத்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இன்னா வாத்தியாரே பண்றீங்க?"

"ஜுவாலை கண்ணுக்குத் தெரியாதுங்க. துடைப்பத்தால..."

"தொடப்பத்தையா? கலெக்டர் ஆபீஸ்ல? பெரிய மனுஷங்க மூஞ்சிக்கு நேரா தொடப்பத்த நீட்டுவீங்களா? மலை மேல தீபம் ஏத்தற ஊருய்யா இது. அக்கினிய தொடப்பத்தால தொடுவாங்களா?"

"அப்ப எப்படிங்க காட்டறது?"

"அது ஒங்க கவலை. தொடப்பம் வந்துச்சு, ஷெட்டு போச்சு."

ஏழுமலை துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான், ஏதோ அவன்தான் குற்றவாளி என்பது போல.

மாற்று ஏற்பாடு: டீ போட்டுக் காட்டுவது. கொதித்தால் நெருப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளாமலா போவார்கள்?

27.2, புதன். பௌர்ணமி

போக்குவரத்து நாள். நேற்று மாலையிலிருந்து ஊரே கிரிவலத்தில். பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தம். செங்கம் ரோடு முழுக்கத் தலைகள். பாலிடெக்னிக்கிலிருந்து வேங்கிக்கால் போக ஒரே ஒரு ஆட்டோக்காரர் சம்மதித்தார். அவரும் என் மடியில் சாக்கு சுற்றிய சிலிண்டரைப் பார்த்துத் தயங்கினார்.

"வெடிக்குமா சார்?"

"நீங்க பீடி பத்தவெக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது."

காதில் செருகியிருந்த பீடியை எடுத்து வெளியே எறிந்தார். என் பதின்மூன்று வருட ஆராய்ச்சியின் முதல் சமுதாயப் பயன்.

கூட்டத்தோடு கூட்டமாக, நடக்கிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். அடி அண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆந்திரா அம்மாள் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்து, ஈரத்துணி சுற்றி மடியில் பத்திரமாக வைத்திருப்பதைக் கண்டு, "ஏ தேவுடு பாபு?" என்றார், எந்தச் சாமி என்று. எனக்குத் தெலுங்கு கொஞ்சம்தான் வரும். ஹைட்ரஜனுக்கு வராது. கும்பிட்டுவிட்டுப் போனார். நானும் கும்பிட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். இரண்டு வாரம் முன்பு வரை இதே வாயுவை நகர்த்த மாட்டுவண்டி கேட்டவன். இன்று மடியில் வைத்து ஊரைக் கடக்கிறேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது போதும்.

மதியம் சாமியானா பந்தலில் இடம் கொடுத்தார்கள். மேஜை எண் பதினேழு. பந்தலின் விளிம்பு. மேலே நேராக வெயில். எல்லோருக்கும் நிழல், எனக்கு மட்டும் வெளிச்சம். பக்கத்து மேஜை யார்? ஞானசேகர். அவர் கம்ப்யூட்டர் ஜாதகப் பொருத்தம் பார்க்கிறதாம். அச்சடித்தும் தருமாம்.

28.2, வியாழன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை பத்து. கூட்டம். பதினாறாம் மேஜை வரை வருவார்கள், என்னைத் தாண்டி ஜாதகத்துக்குப் போய்விடுவார்கள். சிலிண்டரில் இருபது நிமிட வாயுதான். நடுவர்கள் வரும் வரை மிச்சம் பிடிக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு முறை கொளுத்தினேன்.

"எங்க சார் நெருப்பு?"

"இருக்குதுங்க. தெரியாது."

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், தோளில் துண்டு: "எங்க ஊர்ல மோட்டருக்கு கரண்ட்டும் இப்டித்தான் சார். இருக்குதுன்றாங்க, தெரியல."

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

பன்னிரண்டே முக்கால். நடுவர்கள் மூன்று பேர். தலைமை, வேலூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம். பின்னாலேயே தா., புது வேட்டி.

சிலிண்டரைச் சுடுதண்ணீர் வாளியில் இறக்கினேன். திறந்தேன். கொளுத்தினேன். டீப் பாத்திரத்தை எடுக்கப் போனேன்.

"இருங்க. முதல்ல பத்தவைங்க" என்றார் பேராசிரியர்.

"பத்தவெச்சிட்டேங்க ஐயா."

"எங்கே?"

"எரிஞ்சிக்கிட்டு இருக்குங்க."

மூன்று பேரும் குனிந்தார்கள். வெயில் நேராக அடுப்பின் மேல். எவர்சில்வர் மூக்கு பளபளப்பதுதான் தெரிந்தது. ஒரு காகிதத்தை நீட்டினேன். பற்றியது.

"அடியில ஹீட்டர் காயில் வெச்சிருந்தாலும் காகிதம் பத்தும். டீயும் கொதிக்கும்" என்றார். மேஜைத் துணியைத் தூக்கி அடியில் பார்த்தார். அடியில் ஏழுமலை. கையில் துடைப்பம். எனக்கே தெரியாமல் கொண்டுவந்திருக்கிறான். தா.வின் முகத்தைப் பார்த்ததும் அதை இன்னும் உள்ளே தள்ளிவிட்டான்.

அழுத்தமானியின் முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பேராசிரியர் நோட்டில் ஏதோ சின்னதாக எழுதினார். சின்னதாக எழுதினால் முட்டை என்பது இருபத்தாறு வருடம் பேப்பர் திருத்தியவனுக்குத் தெரியாதா? அடுத்த மேஜைப் பக்கம் திரும்பினார். ஞானசேகர் டையைச் சரிசெய்தார்.

சாப்பாட்டு நேரம். மல்லிகா தன் ஆபீஸ் தோழிகள் மூன்று பேரோடு கூட்டத்தில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். கைப்பையைத் திறந்தாள். நான் தலையாட்டினேன், வேண்டாம் என்று. அவள் பார்க்கவே இல்லை.

நேராக வந்தாள். என்னையும் அடுப்பையும் வாளியையும் சேர்த்து மூன்று சுற்று.

"வர்றவன் கண்ணு, போறவன் கண்ணு, பக்கத்து டேபிள் கண்ணு, கம்ப்யூட்டர் கண்ணு, எல்லாம் போய்த் தொலையட்டும்."

மூன்று முறை துப்பும் பாவனை. பொட்டலத்தைப் பிரித்து அப்படியே அடுப்பில் கொட்டினாள்.

பட் பட் படார்! உப்பு வெடித்தது. ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் ஜுவாலை, மஞ்சளென்றால் அப்படியொரு மஞ்சள், எழுந்து நின்றது. நடு வெயிலில், மேஜை எண் பதினேழில்.

கூட்டம் 'ஓ' என்றது. அறுபது எழுபது பேர், பழக்கம், கையை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தா.வும்தான். உடனே மிளகாய் கமறியது. பந்தல் முழுக்க இருமல். ஞானசேகர் தும்மிய தும்மலில் யாருடைய ஜாதகமோ பறந்து போனது.

பேராசிரியர் இருமிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வழிய, இரண்டு விரலை உயர்த்தினார்.

"சோடியம்! ஃப்ளேம் டெஸ்ட்!"

"அதேதாங்க ஐயா. கடைசியா காட்டலாம்னு வெச்சிருந்தோம்" என்றேன். கூசாமல்.

மல்லிகா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இடம் போதாது.

சோடியம் மஞ்சள், பொட்டாசியம் ஊதா, செம்பு பச்சை. இதே பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவன் நான். போன வியாழக்கிழமை இதே நோட்டில் எழுதியும் இருக்கிறேன், மஞ்சள் அழுக்கினுடையது என்று. உப்பு என்ற சொல் மட்டும் மண்டையில் உதிக்கவில்லை.

அதன் பிறகு பேராசிரியர் நகரவே இல்லை. சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தார். சுடுதண்ணீர் வாளியிலிருந்து எடுத்த கொஞ்ச நேரத்தில் ஜில்லென்று வியர்த்திருந்தது. "இதுல அடுப்பு எரியுது, இது குளிருது!" என்று மற்ற இருவர் கையையும் பிடித்து வைத்தார். நிக்கல் வலை, கழுவு பாட்டில், ஒவ்வொன்றாகக் கேட்டார். பதின்மூன்று வருடமாக யாராவது கேட்பார்கள் என்று மனப்பாடம் செய்துவைத்திருந்த பதில்கள். ஒன்று விடாமல் சொன்னேன். டீ கொதித்தது. ஐந்து டம்ளர். கொஞ்சம் உப்புக் கரித்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மாலை ஐந்து மணி, மைக்கில்: முதல் பரிசு, மேஜை எண் பதினேழு. மாநிலக் கண்காட்சிக்குத் தேர்வு.

ஏழுமலை மேஜை அடியிலிருந்து துடைப்பத்தோடு எழுந்து ஆடினான். தா. தடுக்கவில்லை.

ஒன்று மட்டும் எழுதிவைக்க வேண்டும். அங்கே நடுவர் நம்பவில்லை, விவசாயி நம்பவில்லை, ஒரு கட்டத்தில் நானே வாயு தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். எரிகிறது என்று நான் சொன்னதை நம்பி, கண்ணுக்குத் தெரியாத நெருப்பில் கை நீட்டிப் போட்டவள் ஒருத்திதான்.

1.3, வெள்ளி

மேகம். பரவாயில்லை, இன்று வெயிலுக்கும் லீவ்.

சொன்னபடி பழைய இரும்புக்காரன் வந்துவிட்டான். அவனிடம் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் டிரம்மைத் தூக்கிக் கொடுக்கப் போனேன். ஏழுமலை குறுக்கே விழுந்தான்.

"சார், அத வெட்டி விரிச்சிக் குடுத்துடுங்க. தகடுங்கதான் வேலைக்குப் போவுதே, நான் வடாம எங்க போடறது?"

கொடுத்தாகிவிட்டது. பதின்மூன்று வருட டிரம் இனி வடாம் தாங்கும்.

தாளாளர் (முழுசாகவே எழுதுகிறேன்) ஷெட்டுக்கு வந்து, அவராகவே கதவில் பெயர்ப் பலகை மாட்டச் சொன்னார். போகும்போது ஒரு பொட்டலம் தந்தார். பிரித்தால் புதுத் துடைப்பம். கைப்பிடியில் மஞ்சள், குங்குமம். "சென்னைக்காரங்க மூஞ்சிக்கு நேரா நீட்டுனா பரவால்ல" என்றார்.

தேன்மொழி போனில் கத்தியது சென்னையிலிருந்து நேராகவே கேட்டது. சிலிண்டர் இரவலை நீட்டித்தாள்.

சாப்பிடும்போது மல்லிகாவிடம் நேற்று எழுதியதைச் சொன்னேன். "எரியுதுன்னு நான் சொன்னத நம்பித்தானே போட்ட?"

"நம்பறதாவது! எரியலன்னா உப்பு அப்படியே கெடக்கும், பொறுக்கிக்கலாம்னு போட்டேன்."

ரசம் ஊற்றினாள். நெய்யும் விட்டாள். இரண்டு கரண்டி. டாக்டர் பேச்சு எழவில்லை.

சென்னைக்கு எடுத்துப்போக:

சிலிண்டர், சாக்கு, வாளி.
எவர்சில்வர் மூக்கு. கண்ணாடி மூக்கு ஒன்று, எதற்கும்.
டீத் தூள்.
துடைப்பம், மஞ்சள் குங்குமத்தோடு.
கல் உப்பு. மிளகாய் வேண்டாம். (மல்லிகா: மிளகாய் வேணும்.) மிளகாய்.
மல்லிகா. லீவ் எழுதிக் கொடுத்துவிட்டாள். காரணம் என்ற இடத்தில்: அடுப்பு.